டிம்ப்னாவின் அளவு நாடா

பூசை முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது டிம்ப்னா டூஹி மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருப்பார். பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. ஆளைப் பின்னாலிருந்து பார்த்தால்தான் நடை தெரியும் என்பது அவர் கட்சி. "அந்த ஹெகார்ட்டி பயலப் பாரு தம்பி, இடது முட்டி உள்ள வளையுது. அம்மா வழி. அந்த வீட்டுல சம்பந்தம் பண்ணினா மூணு தலைமுறைக்கு நிமிராது" என்பார் என்னிடம், பாதிரியார் காதில் விழுகிற அளவுக்கு.

அந்த அம்மாளுக்கு வயது அறுபத்தெட்டு. பந்தயக் குதிரைப் பண்ணைகள் சூழ்ந்த கில்டேர் புல்வெளியோரம் ஒரு வீடு, ஒரு லாயம், அதில் பட்டர்மில்க் என்று ஒரே ஒரு பெண்குதிரை. நூறு குதிரை வைத்திருக்கும் பண்ணைக்காரர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். இந்த ஒன்றுக்கு மாப்பிள்ளை தேடி வருடத்தில் பாதியைக் கழிப்பார். சமையலறை மேசை முழுக்க வம்சத் தாள்கள். வெண்ணெய்க் கறை பட்ட பாட்டன், தேநீர்க் கோப்பை வட்டம் போட்ட பூட்டன். இடுப்பில் எப்போதும் தையல் நாடா. "இவளுக்குக் கால் குட்டை, நெடுங்காலன் வேணும். இவ முன்கோபி, சாதுவா ஒருத்தன் வேணும்."

குதிரைகளின் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி மரபணு ஆய்வுக்கு அனுப்புவது என் வேலை. உறையில் பெயர் மாறிவிட்டால் ஒரு வம்சமே மாறிவிடுமே என்று மூன்று முறை சரிபார்ப்பேன். பட்டர்மில்க்கின் மகள் சில்வர் திம்பிளுக்கு முடிவு வந்தது: ஒரு மைல் தூரத்துக்கு ஏற்ற உடம்பு. டிம்ப்னா தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கா அது மயிரப் புடுங்குனீங்க? பொறந்த அன்னிக்கே தொடையப் பாத்து நான் சொல்லல?"

அவருக்கு ஒரே ஆசை. பெரிய பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த குதிரையின் பெயரை மட்டும் குதிரை ஏலப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் அச்சடிப்பார்கள். அதில் பட்டர்மில்க்கின் வம்சம் அச்சான பக்கத்தில் மூன்று தலைமுறையாக எல்லாமே மெலிந்த எழுத்து. "பஞ்சத்துல அடிபட்ட பக்கம் மாதிரி இருக்குப்பா. ஒரு பேரு, ஒரே ஒரு பேரு தடிச்சாப் போதும்."

திம்பிள் பிறப்பதற்கு முன்பு, அதற்குத் தகப்பனாக மாஜிஸ்ட்ரேட் என்ற பொலிகுதிரையை அவர் தேர்ந்தெடுத்தபோது லாடக்காரர் மலக்கி மட்டும்தான் மறுத்தார்.

"ஏ டிம்ப்னா, மாப்ள மூஞ்சியப் பாத்தியா? மூக்கே இல்ல. அவன் அப்பனுக்கும் இதே சப்பை."

"குதிரை என்ன மூக்காலயா ஓடுது? போய்யா, போய் லாடத்த அடி."

நான்கு வருடம் கழித்து, கர்ரா மைதானத்தில் திம்பிள் அப்படியொரு பெரிய பந்தயத்தில் ஓடியது. முதல் இரண்டு இடமும் தெளிவு. மூன்றாமிடத்துக்குத் திம்பிளும் ஒரு செம்பழுப்புக் குதிரையும் ஒட்டியபடி கோட்டைத் தாண்டின. புகைப்படம் பார்த்துச் சொல்வதாக அறிவித்தார்கள். டிம்ப்னா நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். விரல் நுனி நீலமாகிவிட்டது. பிறகு பலகையில் முடிவு வந்தது: திம்பிள் நான்காவது. வித்தியாசம், ஒரு மூக்கு.

மலக்கி தொப்பியைக் கழற்றி, அதற்குள்ளேயே எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உன் மூஞ்சி சொல்லுதுய்யா!"

பட்டர்மில்க்குக்கு இப்போது பத்தொன்பது வயது. இன்னும் ஒரு குட்டிதான் தாங்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே ஜனவரியில், பொலிகுதிரைகளை வெளியே நடத்திக் காட்டும் நாளில், டிம்ப்னா மறுபடி மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார். குளிரில் மூச்சுவிட்டபடி ஒரு கறுப்புக் குதிரை வந்து நின்றது. கூட்டம் வழக்கம்போலப் பின்பக்கம் போய்த் தொடையையும் காலையும் பார்த்தது. முப்பது வருடமாக அங்கே முதல் ஆளாக நிற்பவர் அன்றைக்கு நேரே முகத்துக்கு எதிரே போனார். நாடாவை உருவி, ஒரு முனையைக் கண்களுக்கு நடுவில் வைத்து நாசி நுனிவரை இழுத்தார். குதிரை அவர் முகத்திலேயே தும்மியது. துடைத்துக்கொள்ளவில்லை. அளவு நழுவாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, கூட்டத்தில் மலக்கி எங்கே என்று தேடி, நாடாவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.