மடியில் முடிந்த பல்

கருமத்தம்பட்டியைத் தாண்டி மேற்கே நடந்துகொண்டிருந்தபோது விடியத் தொடங்கியது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை சீசனோடு முடிந்துபோயிருந்தது. கோயமுத்தூர்ப் பக்கம் போனால் ஏதாவது ஒரு மில்லில் நின்றுகொள்ளலாம் என்று கிளம்பியிருந்தேன். வேட்டி, உள்ளங்கை, நகக்கண் எல்லாம் மஞ்சள். முதல் நாள் தண்ணீர் கேட்ட வீட்டில் ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏனுங்க தம்பி, தாலி கட்டறதுக்கு முந்தியே ஓடியாந்துட்டீங்களா?" என்றாள். சோறு போட்டால் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவள் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள்.

பின்னால் ஒரு சவாரி வண்டி வந்தது. ஓட்டிவந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். வெளுத்த சட்டை, தலையில் உருமால். மாட்டை நிறுத்தி, எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று கேட்டார். சொன்னேன். "ஏறுங்க தம்பி, பேச்சுத்துணையா ஆச்சு" என்றார். ஆனால் பேசும்போதெல்லாம் உருமால் நுனியால் வாயை மறைத்துக்கொண்டார். சொற்கள் பாதி காற்றாக வந்தன.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு, தூக்குப்போசியில் இருந்த கம்பஞ்சோற்றை எனக்கும் பங்கு வைத்தார். நான் மூன்று வாய் உண்டு முடிப்பதற்குள் எதிரே ஒரு பாரவண்டி வந்தது. அவர் சட்டென்று திரும்பி உட்கார்ந்தார். மடியில் இருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து எதையோ வாய்க்குள் வைத்தார். திரும்பியபோது மேலும் கீழும் வெள்ளை வெளேரென்று பல். பாரவண்டிக்காரரிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். வண்டி போனதும் பல்லைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மடியில் முடிந்துகொண்டு சோற்றுக்குத் திரும்பினார்.

நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது.

"கோயமுத்தூர்ல கட்டுனதுங்க" என்றார். "நல்ல வேலைக்காரருங்க. கொழும்புல தொழில் பழகினவரு."

"அப்பறம் ஏனுங்கண்ணா கழட்டிப்போட்டு உண்றீங்க?"

இடது கன்னத்தைத் தடவிக்கொண்டார். "எடப்பக்கம் கீழ குத்துதுங்க. கடிச்சா உசுரு போகுது."

"அவருகிட்டச் சொன்னா அரத்துல ராவிக் குடுக்க மாட்டாருங்களா?"

"எப்பிடிங்க தம்பி சொல்றது? அத்தனை பதனமாச் செஞ்சு, கண்ணாடியக் காட்டி, நல்லா இருக்குதுங்களான்னு கேட்டாரு. நல்லா இல்லீன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? மனசு நொந்துபோவாரு. பொறவும் ஒருக்காப் போனேன். அப்பவும் நல்லா இருக்குதுங்களான்னுதான் கேட்டாரு. நானும் நல்லாத்தானுங்க இருக்குதுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

"இப்ப எதுக்குப் போறீங்க?"

"நாஞ் சொல்லாமயே அவராப் பாத்துக் கண்டுபிடிச்சாத் தேவலைன்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. விஷயம் அப்படி. அவருடைய மூத்த மகளுக்கு வரன் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் முதலில் வீட்டுக்கு வந்தபோது, இவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையைத் தொட்டும் தொடாமலும் எழுந்துவிட்டார். பல் வலி என்று சொல்ல வெட்கம். வந்தவர்கள் ஊருக்குப் போய், பெண்ணின் அய்யனுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை போலிருக்கிறது என்று பேசியிருக்கிறார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி இவர் காதுக்கே வந்துவிட்டது. மறுநாள் காலையில் அவர்கள் உப்புச் சக்கரை மாற்ற வருகிறார்கள். அது முடிந்துவிட்டால் வாக்கு முடிந்த மாதிரி. மாற்றி முடித்ததும் சம்பந்திகள் இரண்டு பேரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து உண்ண வேண்டும். இந்தத் தடவையும் இலையில் மீதி வைத்தால் மகள் காரியம் கெட்டுப்போகும்.

"அம்மணிக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குதுங்க" என்றார் கடைசியாக, மாட்டைப் பார்த்துக்கொண்டு.

பீளமேட்டில் இறங்குவதாகத்தான் நான் சொல்லியிருந்தேன். மில் கேட்டுக்கு முன்னால் வேலைக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் இறங்கத் தோன்றவில்லை. அவரும், டவுனுக்குள் மாட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் நல்லது என்றார்.

பல் கட்டும் கடை டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சந்து முனையிலேயே அவர் மடி முடிச்சை அவிழ்த்துப் பல்லை மாட்டிக்கொண்டார். முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி, பெரிய கண்ணாடி, கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் பல் செட்டுகள். அடுத்த அறையில் அச்செடுக்கும் மாவு, மெழுகு, அச்சு, பல் பதிக்கும் ரப்பரை வேக வைக்கும் செப்புப் பானை. அதற்கும் பின்னால் வீடு. பானைக்கு நெருப்புத் தள்ளுவது, நேரம் பார்த்து இறக்குவது எல்லாம் பல் கட்டுகிறவருடைய மனைவி. அவள் குழம்பு தாளிக்கும் வாசனையும் ரப்பர் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வாசல் வரைக்கும் வந்தது.

மாட்டைக் கட்டிவிட்டு நானும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். பல் கட்டுகிறவர் மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி, கையெல்லாம் மாவு. வந்தவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டு, நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

"சந்தோஷமுங்க."

"சந்தோஷமுங்க."

அவ்வளவுதான். என் வண்டிக்காரர் எழுந்து உருமாலைக் கட்ட ஆரம்பித்தார். இதற்காகவா விடியற்காலையில் வண்டி பூட்டினார் என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அவருக்குக் கீழ எடப்பக்கம் குத்துதுங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வண்டிக்காரர் முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வழியில ஏத்திக்கிட்ட பையன், என்னமோ சொல்லுது. பசி பாருங்க, அதான்."

"குத்துனா சொல்லுங்க, பாத்துக்கலாம்" என்றார் பல் கட்டுகிறவர்.

"குத்துலீங்க, குத்துலீங்க."

பொய் சொல்கிறவனாக நான் நின்றேன். அது எனக்குப் புதிதில்லை. வெளியே போய் மாட்டை அவிழ்ப்போம் என்று திரும்பியபோது, வீட்டுக்காரம்மாள் கதவருகே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வெயில் நேரத்துல வந்திருக்கறீங்க, வெறும் வயித்தோட அனுப்பறதுங்களா? ரெண்டு வாய் உண்டுபோட்டுப் போங்கண்ணா. அந்தத் தம்பியும் வரட்டும்."

"இல்லீங்கம்மா, நேரமாச்சுங்க..."

"எங்கூட்டுல உண்ணக் கூடாதுங்களா?"

இதற்கு மேல் மறுக்க அந்தச் சீமையில் யாருக்கும் வாய் வராது. அவர் உட்கார்ந்தார். இலையில் சோறு, கொள்ளுப் பருப்பு, ஓரத்தில் வறுத்த நிலக்கடலை ஒரு கை. பல்லைக் கழற்ற வழியில்லை, பல் கட்டியவரே எதிரே நிற்கிறார். முதல் வாயை எடுத்தார். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டு உண்டேன். உண்மையில் எனக்கு வேறு எதையும் பார்க்க நேரமில்லை.

"ஏனுங்க" என்றாள் அம்மாள் புருஷனிடம். "அண்ணன் மெல்லுலீங்க. முழுங்கறாருங்க. கடலையத் தொடவே இல்லை, பாருங்க."

அவர் கை இலைமேல் அப்படியே நின்றது. கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, வலியிலா வெட்கத்திலா என்று தெரியவில்லை.

"கொஞ்சமாக் குத்துதுங்க" என்றார். "உங்க வேலையில குத்தமில்லீங்க. என்ற ஈறுதான் செரியில்லை."

பல் கட்டுகிறவர் அவரை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் வாயைத் திறந்து பார்த்தார். புண் சிவந்து கிடந்தது. எச்சில் பட்டால் ஊதாவாகும் பென்சிலால் புண்மேல் ஒரு பொட்டு வைத்து, பல் செட்டை மாட்டிக் கழற்றினார். ரப்பரில் அதே இடத்தில் ஊதாப் பொட்டு ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் ராவினார். வழுவழுப்பாகத் தேய்த்தார். மாட்டிப் பார்த்து மறுபடியும் ராவினார். பிறகு கண்ணாடியை எடுக்கப் போனவர், கையை இழுத்துக்கொண்டு நிலக்கடலையை எடுத்து நீட்டினார்.

வண்டிக்காரர் வாயில் போட்டுக் கடித்தார். மொறுமொறு என்று எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"புண்ணு ஆற நாலு நாளு ஆகுமுங்க. அது வரைக்கும் வலப்பக்கமா மெல்லுங்க. மறுக்கா குத்துனா?"

"வந்து சொல்றனுங்க."

"சொல்ல மாட்டீங்க" என்றாள் அம்மாள்.

எல்லாரும் சிரித்தோம். பல் கட்டுகிறவர் மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டார். சந்தில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"இந்தக் கடைக்கு வந்தவங்கள்ல ஒருத்தரும் இது வரைக்கும் ஒரு குறை சொன்னதில்லீங்க தம்பி. என் வேலை அத்தனை சுத்தம்னு இருந்தேன். ஆனா ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தரு வரோணுமில்லீங்களா? வரவே இல்லை. இப்பத்தான் தெரியுது, பாதிப் பேரு மடியில முடிஞ்சு வெச்சிருக்கறாங்களாட்ட இருக்குது." கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு இப்ப என்ன வேலைங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"எங்கிட்டப் பல் கட்டுனவங்க ஊருக்கெல்லாம் போகோணும். எப்படி இருக்குதுன்னு கேக்கவே கூடாது. உண்ணும்போது பக்கத்துல இருந்து பாத்துப்போட்டு வந்து சொல்லோணும். நடை ஜாஸ்திங்க."

"நடக்கறது எனக்குச் சிரமமில்லீங்க. சாப்பாடு?"

"நல்லாக் கேட்டீங்க. அதுதானுங்க வேலையே."

அந்தக் கடையில் நான் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தேன். வேறெந்த இடத்திலும் அத்தனை காலம் நிலைத்ததில்லை. பின்னால் அவரிடம் தொழில் பழக வந்த பையன்கள், மெழுகையும் மாவையும் தொடுவதற்கு முன்னால் கடலை வறுக்கக் கற்றுக்கொண்டார்கள். வந்தவர் மென்று முடித்த பிறகுதான் கண்ணாடி வெளியே வரும். அதெல்லாம் நானும் அந்த அம்மாளும் சேர்ந்து மெல்ல மெல்லக் கொண்டுவந்த ஏற்பாடு. அவளுக்கு என்னிடம் ஒரே ஒரு குறைதான். நான் வாடிக்கையாளரைப் பார்ப்பதைவிட இலையைப் பார்ப்பது அதிகம் என்பாள்.

அன்று சாயங்காலம், என் முதல் வேலையாக, அதே வண்டியில் வந்த வழியே திரும்பினேன். வழியெல்லாம் அவர் வாயை மறைக்காமல் பேசினார். எனக்குத் தூக்கம் வந்தது. காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உப்பும் சக்கரையும் கை மாறின. யாரோ ஒரு துவைத்த வேட்டியைக் கொடுத்து, கச்சாயக் கூடையை என் கையில் வைத்து, பரிமாறச் சொன்னார்கள். பெண்ணின் அய்யனும் சம்பந்தியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி தன் இலையைத் தொடாமல், பக்கத்து இலையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் அதையேதான் பார்த்தேன். கதவிடுக்கில் நின்ற பெண்ணும்.

எண்ணெயில் பொரித்த கச்சாயம், அரிசியும் வெல்லமும் சேர்ந்து இறுகியது, நல்ல பல்லுக்கே வேலை வைக்கும். அவர் ஒன்றை எடுத்தார். வலப்பக்கமாகக் கடித்தார். நிதானமாக மென்றார். ஒரு தடவை புருவம் சுருங்கி விரிந்தது. அதை மனசில் குறித்துக்கொண்டேன், இன்னும் கொஞ்சம் ராவ வேண்டியிருக்கும். பிறகு விழுங்கிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "இன்னொண்ணு வைங்க தம்பி" என்றார்.

"எனக்கும் வைங்க" என்றார் சம்பந்தி, சோற்றைப் பிசையத் தொடங்கியபடி.

இரண்டு இலையிலும் வைத்துவிட்டு, கூடையோடு அங்கேயே நின்றேன். வரிசையில் மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அவர் அந்த இரண்டாவதை மென்று முடிக்கும் வரைக்கும் நகர்வது என் வேலையில்லை.