புளி என்று எழுதியவள்

ஒரு மரத்தில் அதன் பெயரையே எழுதிவைத்தால் அது ஓவியமாகுமா? எங்கள் தீவூரான புளியங்கூடலில் அம்பிகை இப்படிக் கேட்டுக்கொண்டு திரிந்த நாட்களில் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அம்பிகை கொழும்பில் ஓவியம் படித்தவள். எண்பத்து மூன்று கலவரத்தில், வீதியில் மறித்தவர்கள் ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்குப் புரளும் விதத்தை வைத்துத் தமிழர் யாரென்று பிரித்ததைக் கண்ணால் கண்டவள். அகதிக் கப்பலில் ஊருக்கு வந்தபின் அவள் உருவம் எதையும் வரையவில்லை. சுண்ணாம்பைக் கரைத்து, பொருட்களின் மேல் அவற்றின் பெயர்களை எழுதத் தொடங்கினாள். கிணற்றுக் கட்டில் ‘கிணறு’. வேலிக் கதவான படலையில் ‘படலை’. பூவரசின் கீழே நிலத்தில் ‘நிழல்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். பின்னேரம் நிழல் நகர்ந்துவிட்டது. சொல் தனியே வெயிலில் கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷம் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

பக்கத்துக் காணியில் புகையிலைத் தோட்டம் செய்யும் வல்லிபுரம் மட்டும் வேலியால் எட்டிப் பார்த்துப் பகிடி விடுவார்.

“என்ரை மாட்டுக்கும் நெத்தியிலை எழுதிவிடும் பிள்ளை. அது தன்னை ஆடெண்டு நினைச்சுக்கொண்டு திரியுது.”

“மாடு நக்கி அழிச்சுப்போடும் அண்ணை. உங்கடை வாசல் புளியமரத்தைத் தாங்கோ.”

“எழுதும், எழுதும். மரம் எங்கை ஓடப்போகுது.”

தெருப் பக்கமாக, பெரிய எழுத்தில் ‘புளி’ என்று எழுதினாள்.

எண்பத்தைந்தில் ஒரு காலை, ரோந்து வந்த சிப்பாய்கள் அந்த மரத்தடியில் நின்றார்கள். தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவன் வாய்விட்டு வாசித்தான். அவன் வாயில் அது ‘புலி’ என்று வந்தது. தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த வல்லிபுரத்தை, சேறு பூசிய கால்களோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வல்லிபுரத்தின் மனைவி அன்னபூரணத்தைக் கூட்டிக்கொண்டு அம்பிகை படைமுகாமுக்கு ஓடினாள். எழுதியது தான்தான் என்றாள். வாசல் மணலில் இரண்டு சொற்களையும் எழுதி, நாக்கை மடித்து ஒன்றையும் மடிக்காமல் மற்றதையும் சொல்லிக் காட்டினாள்.

“ரெண்டும் ஒண்டுதானே, மிஸ்,” என்றான் வாசித்த சிப்பாய்.

அவள் சேலைத் தலைப்பில் முடிந்து வந்த புளியம்பழத்தை எடுத்து நீட்டினாள். அதிகாரி உடைத்து வாயில் வைத்தான். முகம் சுளித்தான். சிங்களத்தில் ஏதோ சொன்னான். வாசித்த சிப்பாய் அதைத் தமிழாக்கினான்.

“ஐயா சொல்லுறார், இது புளி, சரி. எல்லாருக்கும் தெரிஞ்ச மரத்திலை ஏன் பேர் எழுதுறது? வேறை ஆருக்கோ சொல்லத்தானே. மரம் அந்த ஆளின்ரை.”

“அது படம்,” என்றாள் அம்பிகை.

“படம் எங்கை?”

அவளிடம் சொல் மட்டுமே இருந்தது.

வல்லிபுரத்தைத் தெற்கே எங்கோ கொண்டு போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். எந்த இடமென்று யாரும் சொல்லவில்லை. அம்பிகை தென்னந்தும்பால் தேய்த்து மரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது அன்னபூரணம் வந்து நின்றாள்.

“நீர் எழுதினது பிழையெண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. இனி என்னத்தை எழுதினால் அவர் வருவார்? அதைச் சொல்லும்.”

அம்பிகை தும்பைத் தண்ணீரில் தோய்த்து மிச்ச எழுத்தைத் தேய்த்தாள்.

இப்போது ஊர்காவற்றுறைச் சந்தையில் எங்கள் ஆட்களே, “புலியெண்டுதானே பிடிச்சவங்கள், ஏதும் இருந்திருக்கும்” என்று கதைக்கிறார்கள். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லுங்கள். வல்லிபுரத்தின் மரத்தில் இருந்தது மரத்தின் பெயர்தான். அதையும் அவர் எழுதவில்லை.