நான் பார்க்காமல் விட்ட கோடு

ஐம்பதுகளில், பம்பாய் ஆராய்ச்சிக்கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் மச்சினன் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ஒரு குழாய். ஆகாயத்திலிருந்து சதா பொழியும் கண்ணுக்குத் தெரியாத துகள் அதற்குள் புகுந்தால் 'டிக்' என்னும். என் மனைவி கிட்டே போனாள். நிதானமாக டிக், டிக். நான் கை நீட்டினேன். எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி படபடவென்று பொரிந்தது.

உடம்பெல்லாம் அந்தத் துகள் ஒட்டியிருக்கிறது, என் கதை முடிந்தது என்று தீர்மானித்துவிட்டேன். குற்றாலத்தில் தீராதது உண்டா? உடனே பஸ் பிடித்து, சீசன் கூட்டத்தை இடித்துக்கொண்டு, பல் கிட்டிக்கும்வரை பேரருவியில் நின்றேன். தலை துவட்டி, வேட்டி மாற்றி, மறக்காமல் கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு திரும்பினேன். பெட்டி மறுபடி பொரிந்தது.

"அத்தான், வாட்ச்சக் கழத்துங்க" என்றான் மச்சினன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கழற்றினேன். டிக், டிக். இருட்டில் மணி தெரிவதற்காக முள்ளில் பூசிய ரேடியம் செய்த வேலை!

"அருவிதான் பாவம். இவ்வளவு நேரமா இவுகளக் கழுவியிருக்கு" என்றாள் மனைவி.

அறுபதுகளில் வேறொரு பெட்டியோடு வந்தான். அலுமினியத் தகடுகளின் அடுக்கு, இடையில் வாயு. துகள் கடந்ததும் தகடுகளில் உயர் மின்னழுத்தம் பாயும். அது போன வழியிலேயே பொறி தெறிக்கும்.

"முந்தினதுல சத்தம் மட்டுந்தான், அத்தான். இதுல அது போற பாதையவே பாக்கலாம். ஒங்களுக்குக் காட்டத்தான் இங்கன தூக்கிட்டு வந்தேன்."

சாரல் ஈரத்தில் மின்சாரம் கசிகிறது என்று மல்லாடினான். பம்பாய்க்குக் கிளம்பும் அன்றுதான் வெயில் அடித்தது. ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிய அறையில் மூவரும் உட்கார்ந்தோம். பட்டென்று முதல் சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோது வாசலில் நின்றேன். என் கால்கள் என்னைக் கேட்கவே இல்லை.

"எதுக்கு ஓடுதீங்க? வாட்ச்ச அங்கனயே வச்சிட்டு வாங்க!" உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

"நீ பாத்துச் சொல்லு" என்றேன், வீட்டுக்குக் காவல் நிற்பவனைப் போல.

"செவப்பா, நூல் புடிச்சாப்ல ஒரு கோடு... அய்யோ, அடுத்தது சாஞ்சு வருது!" அவள் குரல் சின்னப்பிள்ளையின் குரலாகியிருந்தது.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு நான் உள்ளே போனபோது, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று மச்சினன் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவ, அத்தான்."

அடுத்த தடவை வெறுங்கையோடு வந்தான். "இப்ப தகட்டுக்குப் பதிலா வரிசையாக் கம்பி கட்டியிருக்கோம். துகள் எந்தக் கம்பிப் பக்கம் போகுதுன்னு கம்ப்யூட்டரே குறிச்சிக்கிடும். பொறி கெடையாது. ஆளு நின்னு பாக்க வேண்டாம்."

"பழைய பெட்டி?"

"பிரிச்சாச்சு, அத்தான்."

இப்போதும் சில மாலைகளில் மனைவியிடம் கேட்பேன், அது எப்படி இருந்தது என்று. அவள் சலித்துக்கொண்டே விரலால் காற்றில் சாய்வாக ஒரு கோடு இழுப்பாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.