தலைகீழாய் ஓடிய மோட்டர்

கொக்குவிலில் மாணவர்களுக்கு டிஜிட்டல் லொஜிக் படிப்பிக்கிறேன். பக்கத்து வீட்டுத் தையற்காரி மெற்றில்டா அக்கா, "தொட்டி நிறைஞ்சதும் மோட்டர் தானா நிக்கிற மாதிரி ஒண்டு செய்து தாங்கோ சேர்" என்று கேட்டதும் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே நாளில் ஒரு மின்சுற்றை அமைத்துப் பொருத்திவிட்டேன்.

மறுநாள் காலை தொட்டி பொங்கி வழிந்தது. அக்கா ஒரு மணப்பெண்ணுக்குத் தைத்துக் கீழே கொடியில் போட்டிருந்த சட்டை தெப்பமாய் நனைந்துபோனது. அன்று பின்னேரம் கலியாணம்.

ஓடிப்போய், தண்ணீர் மட்டத்தை அறியும் உணரியைக் குறை சொன்னேன். மின்சாரத்தைச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரின் உப்பையும் விடவில்லை. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"சேர், தொட்டி வெறுமையா இருக்கேக்கை மோட்டர் பேசாமல் நிண்டது. நான்தான் சுவிட்சைப் போட்டு நிரப்பினன். நிறைஞ்சாப் பிறகு தானா ஓடுது. உது எல்லாத்தையும் மாறி விளங்கிக்கொண்டுதோ?"

பெட்டியைத் திறந்தேன். உணரியின் விடையைத் தலைகீழாக்கும் நொட் கேற்றைப் போட மறந்திருந்தேன். முதல் வாரப் பாடம் அது.

"ஓம் அக்கா" என்றேன்.

"அது பேந்து பாப்பம். முதல் இதைப் பிடியுங்கோ" என்று அயன் பெட்டியை என் கையில் தந்தார். மத்தியானம்வரை அந்தச் சட்டையைக் காயவைத்தேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று நான் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் நடந்ததைப் பார்த்திருந்தார். அந்த வித்தியாசம் இன்னும் என்னைக் கூச வைக்கிறது.