மகேசு கட்டிய சிவப்பு சைக்கிள்

மகேஸ்வரியின் தம்பி தணிகாசலம் போன் செய்தபோது நான் ஷெட்டில் பட்டு நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். "சரசக்கா, எங்க அக்கா செத்துப் பூட்டுச்சிக்கா" என்றான். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். மோட்டாரை நிறுத்தத் தோன்றவில்லை. குச்சி நிறைந்து பட்டு நூல் வழிந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவள் ஓடிவந்துதான் சுவிட்சை அணைத்தாள்.

மகேஸ்வரிக்கு மூன்றே நாள் காய்ச்சல். திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. புதன்கிழமை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வியாழக்கிழமை காலை எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயதுதான்.

இன்று பதினாறாம் நாள். படத்திறப்பில் யாராவது பேச வேண்டும் என்றார்கள். பதினோரு வருடம் அவளுக்குப் பக்கத்து ராட்டையில் உட்கார்ந்தவள் நான்தான் என்பதால் என்னைச் சொன்னார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். பேசினால் அழுகை வந்துவிடும் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இதில் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது.

மகேசுக்கு இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது உங்களுக்கெல்லாம் தெரியும். வலது காலைவிட நாலு விரல் கட்டை. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு நடந்து வருவதற்குள் வேர்வையில் ஜாக்கெட் நனைந்திருக்கும். மூன்று சக்கர வண்டிக்கு மனு எழுதித் தருகிறேன் என்று முதலாளி சொன்னார். "எங்க சந்துல ரெண்டு ஆள் எதிரெதிரா வந்தாலே ஒருத்தர் செவுத்துல ஒட்டிக்கணும். மூணு சக்கரத்த எங்கங்க நுழைக்கறது?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நானே ஒரு சைக்கிள் கட்டிக்கப் போறேங்க்கா" என்றாள். ஜாக்கெட் தைத்துக்கொள்ளப் போகிறேன் என்பதுபோலத்தான் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்த சைக்கிள்கள் படித்து முடித்ததும் வீட்டுப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் அல்லவா, அப்படி இரண்டை எதிர் வீட்டிலும் பின் வீட்டிலும் கேட்டு வாங்கினாள். ஒன்றில் உடம்பு நன்றாக இருந்தது, மற்றதில் சக்கரம் நன்றாக இருந்தது. மீதியைக் காயலான் கடையில் பொறுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் கறி எடுக்க நின்றுகொண்டிருப்போம், அவள் காயலான் கடைக் குவியல் மேல் உட்கார்ந்து பெடலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிரேக் கட்டை மட்டும் புதிதாக வாங்கினாள். "எல்லாம் பழசு இருக்கலாம். நிக்க வைக்கறது மட்டும் புதுசா இருக்கணும்" என்பாள்.

இடது பெடல்மேல் ஒரு மரக்கட்டை வைத்து முடுக்கினாள். உடைந்த தறியின் பலகையை அறுத்தது. நாலு விரல் உயரம். கட்டைக்கால் அதன்மேல் உட்கார்ந்ததும் இரண்டு காலும் சமமாகிவிட்டன. அந்தக் காலுக்குப் பிடிப்பு கிடையாது, வழுக்கும். அதற்குக் கழிவுப் பட்டு நூலை முறுக்கிப் பின்னி ஒரு பட்டை போட்டுக் கட்டினாள். அங்கேதான் வம்பு. வண்டி நின்றபிறகும் பட்டை காலை விடாது. ஷெட் வாசலில் பிரேக் பிடிப்பாள், அப்படியே சாய்வாள். ஒரு வாரம் தினமும் விழுந்தாள். "வந்துட்டேன்னு மண்ணுக்குச் சொல்லிட்டுத்தான் உள்ள வருவா" என்று நாம் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு பட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டுப் பழைய டியூபை வெட்டிப் போட்டாள். அது காலையும் பிடித்தது, இழுத்தால் விட்டும் கொடுத்தது.

சக்கரம் கோத்த கதை எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். போக்ஸ் கம்பிகளைத் தானே கோத்தாள். நெசவு வீட்டில் பிறந்த கை. ஒரு கம்பியை மேலே, அடுத்ததைக் கீழே, அடுத்ததை மேலே என்று துணி நெய்கிற மாதிரியே நெய்துவிட்டாள். நாம் எல்லோரும் சுற்றி நின்று, "அடடா, எவ்ளோ அழகா கீது பாரு" என்றோம். சைக்கிள் கடை பாயிடம் தூக்கிக்கொண்டு போனோம். பாய் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? சக்கரம் கேட்டா சேலை நெஞ்சிகினு வந்துகிறே?"

"ஏன் பாய், நல்லாத்தானே கீது?"

"பார்க்க நல்லாத்தான் கீது. முடுக்கினா அத்தினியும் வளையும். ஒரு கம்பி மூணு கம்பியைத் தாண்டுது இல்ல? முதல் ரெண்டுத்தையும் சும்மா தாண்டிப் போவணும். மூணாவதுல மட்டும் உள்ளே தள்ளணும்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முழுவதையும் பிரித்தாள். பிரித்துக்கொண்டே, "கை தன் பழக்கத்த செய்யுதுக்கா. நாமதான் அதுங்கிட்ட எடுத்துச் சொல்லணும்" என்றாள்.

அந்த சைக்கிளில் அவள் தேவிகாபுரம்வரை போய்வந்தாள். யாராவது, கடையில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்றால், "கடையில வாங்கினா நான் அதுக்குத் தக்க உக்காரணும். நான் கட்டினா அது எனக்குத் தக்க நிக்கும்" என்பாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

போன தை மாதம். சாப்பாட்டு நேரம். எல்லோரும் இருந்தீர்கள். "சரசக்கா, உனக்கும் ஒண்ணு கட்டறேன். ஆடியில ரெண்டு பேரும் படவேடு அம்மன் கோயிலுக்கு மிதிச்சிகினு போவலாம். பஸ்ஸுக்கு நின்னு நின்னு பேஜாரா கீது" என்றாள். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை விழுந்து முன்பல் போனதிலிருந்து பயம். அந்தப் பயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்களே என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நொண்டிக்குத்தான்டி வண்டி வேணும். எனக்கு ரெண்டு காலும் கீது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மகேசு டிபன் பாக்ஸை மூடினாள். போய் ராட்டையில் உட்கார்ந்தாள். மறுநாள் வழக்கம்போல, "இன்னாக்கா கொழம்பு?" என்று கேட்டாள். அவள் கேட்டுவிட்டாளே, மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மன்னிப்பு என்று ஒரு சொல் நான் கேட்கவே இல்லை.

ஒரு மாதம் கழிந்து ஒருநாள், "அக்கா, கொஞ்சம் நேரா நில்லு" என்றாள். கையில் பட்டு நூல். என் இடுப்பிலிருந்து குதிகால்வரை வைத்து ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இன்னாடி, பாடைக்கு அளக்கறியா?"

"நீயா? நீதான் எங்கயும் ஜல்தியா போவ மாட்டியே" என்று சிரித்தாள்.

எனக்குப் பாவாடை தைக்க என்று நினைத்து அதோடு விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தணிகாசலம் என்னைக் கூப்பிட்டான். வீட்டுப் பின்னால் அவளுடைய சைக்கிள் நின்றது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு பெயிண்ட் அடித்த இன்னொன்று இருந்தது. பின்சக்கரம் மட்டும் இல்லை. ரிம் தனியாகக் கிடந்தது, பாதிக் கம்பி கோத்திருந்தது. "இது யாருக்குக் கட்டுச்சின்னு தெரிலக்கா. கேட்டா சொல்லவும் இல்ல. காயலான் கடைக்கே போட்டுடலாமா?" என்றான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். சீட்டுக்குக் கீழே பட்டு நூல் சுற்றியிருந்தது. அதில் ஒரு முடிச்சு.

அதை அவிழ்த்து என் இடுப்பில் வைத்துக் கீழே விட்டேன். முடிச்சு என் குதிகாலில் வந்து நின்றது. இது எனக்குத்தான் என்று தணிகாசலத்திடம் சொன்னேன்.

ரிம்மை வீட்டுக்கு எடுத்துவந்து மீதிக் கம்பியை நான் கோத்தேன். என் கையும் நெசவு வீட்டுக் கைதான். மேலே கீழே, மேலே கீழே என்றுதான் ஓடியது. இரண்டு தடவை பிரித்தேன். மூன்றாவதில் மட்டும் உள்ளே, மூன்றாவதில் மட்டும் உள்ளே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோத்தேன். பாய் கோணல் போகப் பெண்டு எடுத்து மாட்டித் தந்தார். சீட்டு மிகவும் தாழ்வாக இருக்கிறதே, ஏற்றி வைக்கட்டுமா என்று நான்தான் அவரைக் கேட்டேன்.

"ஏத்த முடியாதும்மா. சீட்டுக் குழாயையே அறுத்து வாங்கிகினு போச்சு அந்தப் பொண்ணு. மிதிக்க முட்டி இடிக்குமேன்னு சொன்னேன். இல்ல பாய், எங்க அக்கா பயந்தவ, ஒக்காந்தா அவ ரெண்டு காலும் தரையில படணும்னுச்சு."

நான் பயந்தவள் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை.

அவளுடைய சைக்கிளை அந்தக் கட்டையோடு அப்படியே வைத்திருக்கத் தணிகாசலத்திடம் சொல்லியிருக்கிறேன். அப்படிக் கால் உள்ள பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள். சிவப்பு சைக்கிளை நான் வைத்துக்கொள்கிறேன். அந்த நூலையும்.

அன்றைக்கு அந்தச் சொல்லை உங்கள் எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். அதனால்தான் இன்றைக்கும் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். மகேசு, என்னை மன்னித்துவிடு.

எனக்கு இன்னும் மிதிக்க வரவில்லை. சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளித்தான் இங்கே வந்தேன். தெருவில் சிரித்தார்கள். வண்டி வாசலில் நிற்கிறது. ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.