முனிசாமி நெய்த புடவை

பிள்ளையார்பாளையத்தில் நீலாம்பாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய கோபத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஏழு வருஷமாக அதை அணையவிடாமல் வைத்திருந்தாள். அடுப்பு நெருப்பைக்கூட அவள் அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதில்லை. யார் மேல் கோபம் என்று கேட்கவே வேண்டாம். தாலி கட்டி, பிறகு கோர்ட்டு வழியாக அதை அவிழ்த்த குமாரவேல் மேல்தான்.

குமாரவேல் நல்ல நெசவாளி. மறைத்துப் பிரயோஜனமில்லை. கோர்வைப் புடவையில், உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் பல்லுப் பல்லாக ஏறி இறங்க வேண்டும். அதற்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் மறுபக்கம் உட்கார்ந்து, கரைக்கான நூல் வைத்த நாடாவைக் குறுக்கே தள்ள வேண்டும். ஐந்து வருஷம் அந்த மறுபக்கத்தில் உட்கார்ந்தவள் நீலாம்பாள். அவன் கைக்கு எது வரும், எது வராது என்று அவளுக்குத் தெரிந்த அளவு அவனைப் பெற்றவளுக்கும் தெரியாது. அவன் புத்திக்கு எது வரும் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

அறுபத்தேழில், கைக்குழந்தைக்காரியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். முனிசாமி என்ற தறிக்காரனுடைய தங்கையோடு அவனுக்குப் பழக்கம் ஆகியிருந்தது. கட்டிக்கொள்ளலாம் என்றால் சட்டம் இரண்டாம் கல்யாணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? தானே துரத்திய பெண்டாட்டி மேல், ‘என்னோடு சேர்ந்து வாழ வரமாட்டேன் என்கிறாள்’ என்று கோர்ட்டில் மனுப் போட்டான். அவள் விலாசம் என்று தன் வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்தான். சம்மன் கொண்டுவந்தவர் ஆளைக் காணாமல் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். எந்தக் கதவு? அவள் முகத்தில் சாத்திய அதே கதவு. நாலு தெரு தள்ளி அண்ணன் நமச்சிவாயம் வீட்டில் நூல் சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு சங்கதியும் தெரியாது. அவள் இல்லாமலே தீர்ப்பாயிற்று. அதன் பிறகு இரண்டு வருஷம் அவள் வந்து சேரவில்லை என்று காட்டி, அதே தந்திரத்தில் விவாகரத்தும் வாங்கி, முனிசாமியின் தங்கையைக் கட்டிக்கொண்டான்.

அவள் விழித்துக்கொண்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஓடினபோது, விவாகரத்து ஆனவளுக்கு அங்கே ஜீவனாம்சம் கேட்க வழியில்லை, குழந்தைக்கு மட்டும் கேட்கலாம் என்றார்கள். சரி, குழந்தைக்காவது என்று கேட்டாள். குமாரவேல் கூண்டில் ஏறி, கடவுள் சாட்சியாகச் சொன்னான்: “எனக்கு சொந்தத் தறி ஒண்ணுகூட இல்லீங்க. கூலிக்கு நெய்யறவன். எனக்கே கஞ்சிக்கு வழி இல்ல.”

அப்போது அவன் வீட்டில் நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. நாலும் மச்சான் முனிசாமி பேரில் எழுதப்பட்டிருந்தது. குழந்தைக்கு மாதம் பதினைந்து ரூபாய் என்று உத்தரவாயிற்று. கோர்ட்டு வாசலில் அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. “இவன் வாயாலயே உண்மைய சொல்ல வெக்கறேன்ணா. அதுவும் கோர்ட்லயே சொல்ல வெக்கறேன்” என்று அண்ணனிடம் சொன்னாள். நமச்சிவாயம் ஆத்திரத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

எழுபத்துநாலில் அவள் மகள் கமலவேணிக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எதிர்வீட்டுத் தறியில் விளையாட்டாக நாடா தள்ளுவாள். கை அப்படி ஓடும். இது குமாரவேல் காதுக்குப் போயிற்று. மறுபக்கத்துக்குக் கூலி கொடுக்காமல் ஒரு ஆள்! உடனே அவனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில், மகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனுப் போட்டான். இந்த முறை அண்ணன் வீட்டு விலாசம் அவனுக்கு எப்படியோ ஞாபகம் வந்துவிட்டது.

நீலாம்பாள் சம்மனை எடுத்துக்கொண்டு வக்கீல் திருஞானசம்பந்தத்திடம் போனாள். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அஞ்சு வயசு வரைக்கும் கொழந்த அம்மாகிட்டதாம்மா. அதுக்கு மேல அப்பாதான் கார்டியன்னு சட்டம் சொல்லுது. கொழந்தையோட நன்மை எதுன்னு கோர்ட் பாக்கும். அது ஒண்ணுதான் நமக்கு வழி.”

“அவன் பொய் சொன்னவன்னு காட்டினா?”

“காட்டலாம். ஆனா உசாரான ஆளு. ‘வீடு மச்சானுது, தறி மச்சானுது, வசதிக்குக் கொறவில்ல, பொண்ணு சொகமா இருக்கும்’னு எழுதிருக்கான். கூலிக்காரன்தான், ஆனா வசதியான கூலிக்காரன். எங்க புடிக்கிறது?”

நீலாம்பாள் சம்மனை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊட்டி வளர்த்தது இவள். எட்டு வயசில் வந்து தூக்கிக்கொண்டு போக அவனுக்குச் சட்டமே துணையா? அன்றிலிருந்து தூங்கும்போதுகூட மகள் பாவாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வக்கீல் வீட்டுக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வக்கீல் வீட்டம்மா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. நீலாம்பாள் கிட்டே போய் முந்தானையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. சேருமிடத்தில் அந்த மாதிரி அழுத்தம் பிடிக்கிற கை ஊரிலேயே ஒன்றுதான், குமாரவேலுடையது.

“ஐயா, இந்தப் புடவைய கோர்ட்டுக்கு எடுத்துக்கினு வாங்க” என்றாள். “அவன கூண்டுல ஏத்திட்டு, இத முனிசாமி நெய்ஞ்சதுன்னு சொல்லுங்க. நல்லா புகழ்ந்து சொல்லுங்க.”

“எதுக்கும்மா?”

“ஒருக்கா அவன் நெய்ஞ்ச புடவைய கடைக்காரரு வேற ஒருத்தன் வேலன்னு நெனச்சு மெச்சிட்டாரு. ரெண்டு நாளு சோறு துண்ணல. மூணாம் நாளு கடைக்கே போயி சண்ட போட்டான். பொண்டாட்டி போனா பொறுத்துக்குவான், பேரு போனா பொறுக்கமாட்டான்.”

வக்கீலுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டு வந்தார்.

கோர்ட்டில் குமாரவேல் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாகக் கூண்டில் நின்றான். தறி யாருடையது என்று கேட்டதற்கு மச்சானுடையது என்றான். நீ என்ன செய்கிறாய் என்றதற்குக் கூலிக்கு நெய்கிறேன் என்றான். அடக்கமான பிள்ளை மாதிரி பேசினான். கமலவேணி பின்பெஞ்சில் மாமன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் புடவையை எடுத்து மேஜை மேல் விரித்தார். “பிரமாதமான வேலை. இந்தக் கோர்வையை ஊரே பேசுது. உங்க மச்சான் முனிசாமி தானே இருந்து, தன் தறியில நெய்ஞ்சதாமே? உங்களுக்கும் அவருதான் தொழில் கத்துக்குடுத்தாராமே?”

குமாரவேல் புடவையையே பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

“பெரிய கைதான் முனிசாமிக்கு” என்றார் வக்கீல்.

“யாரு? அவனா?” என்று கத்தினான் குமாரவேல். “நாடா எந்தப் பக்கம் வருது, எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியாதுங்க அவனுக்கு! இது நான் நெய்ஞ்சது! டிசைன் என்து, கை என்து! நாலு தறியும் நான் என் காசுல எறக்கினது. அவன் பேரு சும்மா எழுதி வெச்சிருக்குது, அவ்ளோதான்! அவனாம், கத்துக்குடுத்தானாம்!”

அவனுடைய வக்கீல் எழுந்து நின்று, ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்தார். ஜட்ஜ் அவன் சொன்னதை எழுதி முடித்தார். திருஞானசம்பந்தம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவன் சத்தியம் செய்து சொன்னதன் நகலை எடுத்துப் பவ்வியமாக நீட்டினார். ஜட்ஜ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“குழந்தைக்குச் சோறு போடச் சொன்னப்போ ஒரு தறிகூட இல்லை. குழந்தையையே கேக்கறப்போ நாலு தறி வந்துடுச்சா?” என்றார்.

மத்தியானம் கமலவேணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவள் அம்மாவோடு இருக்கிறேன் என்றாள். நாலு மணிக்கு மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார். பெண் தாயிடமே இருக்கட்டும். தகப்பன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காமாட்சியம்மன் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அன்று அவன் சொன்னதை வைத்தே பிறகு ஜீவனாம்சமும் எழுபத்தைந்து ரூபாய் ஆயிற்று. தீர்ப்பு வந்ததும் வராந்தாவில் முனிசாமி, தன் தங்கை புருஷன் குமாரவேலை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தான். நீலாம்பாள் அவர்கள் எதிரில் போய் நின்று, அவசரப்படாமல், நன்றாகச் சிரித்துவிட்டு வந்தாள்.

பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியது. மடியில் சாய்ந்திருந்த கமலவேணி நிமிர்ந்தாள்.

“அம்மா, அந்தப் புடவ எவ்ளோ அழகா இருந்திச்சிமா. ஒரு பல்லுகூட கோணல. அத மெய்யாவே அப்பாவா நெய்ஞ்சாரு?”

அந்தக் கண்ணில் இருந்தது பெருமை. நீலாம்பாளுக்கு அது புரிந்தது. ஆமாம் என்று சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. கேஸ் முடிந்துவிட்டது, பெண் மடியில் இருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரும். அவன் கோயிலில் வந்து நிற்பான். கமலவேணி இந்தப் பெருமையோடு அவன் முன்னால் போய் நிற்பாள்.

“இல்லடி” என்றாள். “முனிசாமி நெய்ஞ்சது. உங்கப்பனுக்கு அந்தக் கை எங்க வரப்போவுது?”

“அப்பாதான் நெய்ஞ்சேன்னு கோர்ட்ல கத்தினாரே?”

“அவன் என்னிக்குடி கோர்ட்ல உண்மைய சொல்லிருக்கான்?”

குமாரவேல் ஏழு வருஷத்தில் கோர்ட்டில் சொன்ன உண்மை அது ஒன்றுதான். கமலவேணி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் அம்மா மடியில் படுத்துக்கொண்டாள்.