வெறுங்கதிரையின் பக்கமுகம்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். அருங்காட்சியகமொன்றில் பழைய அச்சுப் படங்களைப் பராமரித்து ஓய்வுபெற்றவன். கையுறை போடாமல் எதையும் தொட்டதில்லை, கடவுள் உட்பட. இதை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. வாதாட எனக்கு அலுப்பு.

அமெரிக்கா புதுக் குடியரசாக இருந்தபோது, புகைப்படம் வருமுன், பக்கமுகம் எடுக்க ஒரு மரச்சட்டம் வைத்திருந்தார்கள். கதிரையில் உட்கார்ந்திருப்பவரின் நெற்றி, மூக்கு, உதடு வழியே பித்தளைக் கம்பியை இறக்கினால், அதோடு பிணைத்த பென்சில் அதே கோட்டைத் தாளில் இழுக்கும். பிறகு செப்புத் தகட்டில் வெட்டி அச்சிடுவார்கள். கணவன் மனைவியென்றால் இரு படங்களும் ஒன்றையொன்று பார்க்கும். வேறு வேலையில்லாததால் அப்படியொரு சட்டத்தைக் கனடாவில், ஸ்காபரோவிலுள்ள என் அப்பார்ட்மென்டில் செய்து வைத்திருந்தேன்.

கீழ்மாடித் தவமணி ஒரு மத்தியானம் தன் முகத்தை எடுக்க வந்தாள். அவள் கணவர் இலங்கை யுத்தத்தின் கடைசியில் காணாமல் போனவர். இந்த வருடமாவது அப்பாவுக்குத் திவசம் செய்வோம் என்கிறான் மகன். பொட்டை அழிக்க மாட்டேன் என்கிறாள் இவள். மாலை போட ஒரு படமும் இல்லை, இருந்தவை வீட்டோடு எரிந்துவிட்டன.

தன் படம் முடிந்ததும் வெறுங்கதிரையைக் காட்டினாள்.

“அண்ணை, அவருக்கும் ஒண்டு போடுங்கோவன்.”

“அதுக்கு ஆள் வேணும், பிள்ளை. உது கம்பி, கமரா இல்லை.”

“சும்மா ஒருக்கா இழுங்கோ. உங்கடை பென்சில் தேஞ்சு போகாது.”

மறுப்பதைவிட இழுப்பது சுலபம். கதிரையை எதிர்ப்பக்கம் திருப்பினேன். பழக்கதோஷத்தில், கண்ணாடியைக் கழற்றுங்கள், அசையாதீர்கள் என்று வழக்கம்போலச் சொல்லியும் வைத்தேன். கம்பி காற்றில் நேராக விழவேண்டும். விழவில்லை. நெற்றியில் தட்டி, வளைந்து, மூக்கில் ஏறி இறங்கியது. கம்பிக்கு மறுபக்கம் தோல் இருந்ததை என் விரல் அறியும். வெளியே பனி வழிக்கும் லொறி ஓடிக்கொண்டிருந்தது.

தவமணி தாளை நெடுநேரம் பார்த்தாள்.

“மூக்கிலை கண்ணாடி அமத்தின பள்ளம் கிடக்கு,” என்றாள். “கழட்டிப்போட்டுத்தான் இருந்திருக்கிறார்.”

அவர் கண்ணாடி போடுபவரென்று அதுவரை எனக்குத் தெரியாது.

திவசத்துக்குப் படம் கிடைத்ததென்று மகனுக்கு ஆறுதல். தகட்டில் வெட்டித் தருகிறேன் என்றேன், இன்னும் வெட்டவில்லை. மணிக்கட்டு நோகிறதென்று சொல்லி வருகிறேன். அதுவும் பொய்யில்லை.

உண்மைக் காரணம் மேலுதடு. மூச்சுக்கு உதடு அசைவதால் அங்கே கோடு லேசாக நடுங்கும். சிலைகளை எடுத்தும் பார்த்திருக்கிறேன், நடுங்காது. செம்பில் வெட்டும்போது அந்த நடுக்கத்தை மழித்துவிடுவதுதான் முறை.

தவமணியின் கோட்டில் அது இருக்கிறது. அவளைப் பார்த்தபடி இருக்கும் மற்றக் கோட்டிலும் இருக்கிறது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.